கொல்கத்தா வட்ட ரயில்: ஹவுரா பாலத்தின் அடியில் செல்லும் பயணம்

கொல்கத்தா வட்ட ரயில் என்பது ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் புறநகர்ப் பயணிகள் ரயில் சேவை. இது கிழக்கு ரயில்வேயின் சியால்டா கோட்டத்தைச் சேர்ந்தது. வடக்கே டம் டம் சந்திப்பிலிருந்து பிரிந்து, டாலா, பாக்பஜார், சோபாபஜார், புர்ரா பஜார், பி.பா.தி. பாக், ஈடன் கார்டன்ஸ், பிரின்செப் காட், கிதிர்பூர் வழியாகத் தெற்கே மாஜேர்ஹாட்டை அடைகிறது. அங்கிருந்து பாலிகஞ்ச், சியால்டா வழியாகச் செல்லும் பழைய தடங்கள் டம் டம்முடன் இணைவதால் வட்டம் முழுமை பெறுகிறது. இந்தத் தடத்தில் புர்ரா பஜார் நிலையத்தை ஒட்டி ரயில் ஹவுரா பாலத்தின் அடியில் நுழைந்து வெளியேறுகிறது. கடக்கும் நேரம் சில நொடிகள்தான். ஆனால் பாலத்தின் மேல் பேருந்தில் போகிறவருக்குத் தெரியாத ஒன்று, அடியில் ரயிலில் போகிறவருக்குத் தெரியும்: ஆற்றின் மேல் இந்தப் பாலத்தின் சாலை தூண்களின் மேல் கிடக்கவில்லை, மேலேயிருந்து தொங்குகிறது.

வேலூர் பகுதியிலிருந்து செல்வோர்

தமிழ்நாட்டில் கொல்கத்தாவுடன் அன்றாடத் தொடர்புள்ள ஊர்களில் வேலூர் முதன்மையானது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்து நோயாளிகள் பெருமளவில் வருகின்றனர். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளும் உணவகங்களும் வங்க மொழியில் பெயர்ப்பலகை வைத்திருப்பதும், காட்பாடி நிலையத்தில் வங்க மொழி காதில் விழுவதும் இதனால்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்கும் கொல்கத்தா அந்நியமான ஊர் அல்ல. அதுவும் தோல் பதனிடும் பழைய மையம். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு, கொல்கத்தாவின் டாங்ரா, டில்ஜலா, டாப்சியா பகுதித் தோல் ஆலைகளை நகரிலிருந்து வெளியேறச் சொன்னது. அவற்றுக்காக நகருக்குக் கிழக்கே பாண்டாலாவில் தனித் தோல் வளாகம் அமைந்தது.

காட்பாடி வழியாக வங்கம் செல்லும் ரயில்களில் பல ஹவுராவில் முடிகின்றன. ஹவுரா நிலையம் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது, கொல்கத்தா நகரம் கிழக்குக் கரையில். வட்ட ரயில் ஹவுரா நிலையத்துக்கு வருவதில்லை. எனவே ஹவுராவில் இறங்குபவர் பாலத்தை நடந்தோ பேருந்திலோ கடந்து, நகரக் கரையில் கீழே இறங்கினால்தான் இந்த ரயிலைப் பிடிக்க முடியும். முதலில் பாலத்தின் மேலே, பிறகு பாலத்தின் கீழே என்ற இந்த வரிசை, பாலத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

சரக்குத் தடம் பயணிகள் தடமானது

ஆற்றங்கரையில் ரயில் பாதை போட்டது பயணிகளுக்காக அல்ல. கொல்கத்தாத் துறைமுகத்தை நிர்வகிக்க 1870இல் ஆணையர் குழு அமைக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், படித்துறைகளில் இறங்கும் சரக்கைக் கிடங்குகளுக்கும் முதன்மை ரயில் தடங்களுக்கும் கொண்டுபோக ஸ்ட்ராண்ட் சாலையை ஒட்டி அந்தக் குழு தண்டவாளம் அமைத்தது. சணல், தேயிலை, தானியம், உப்பு என அன்றைய வங்கத்தின் வணிகம் இந்தக் கரையில் இறங்கி ஏறியது. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கிடங்குகள். இன்றும் ரயிலின் ஜன்னலில் தெரிவது ஏறக்குறைய அதே காட்சிதான். கிடங்குகள் பல பூட்டிக் கிடக்கின்றன, சுவர்களில் அரசமரம் வேர்விட்டிருக்கிறது.

ஹூக்ளி வண்டல் நிறைந்த ஆறு. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, வண்டல் மேடுகளைத் தாண்டி கொல்கத்தா வரை வருவது கடினமாயிற்று. வண்டலை அடித்துச் செல்லக் கங்கையிலிருந்து நீர் திருப்பும் ஃபராக்கா தடுப்பணை 1975இல் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் பெரிய கப்பல்களுக்காகக் கீழ்நிலையில் ஹால்தியாவில் புதுத் துறைமுகம் தேவைப்பட்டது. நகரக் கரையில் சரக்கு குறைந்தது, தண்டவாளம் ஓய்ந்தது. மறுபுறம், நெரிசலில் திணறிய நகரத்துக்குப் புது ரயில் தடம் போட வெற்றிடம் எதுவும் இல்லை. இருந்த இடம் ஒன்றுதான்: ஆற்றங்கரைத் துறைமுகத் தடம். 1984இல் அதில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ஏ.பி.ஏ. கனி கான் சௌத்ரி அப்போது ரயில்வே அமைச்சர். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயிலும் அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று அதே நகரில்தான் ஓடியது. மெட்ரோ பெற்ற புகழில் வட்ட ரயிலின் பிறப்பு மறைந்துபோனது இயல்பே.

சென்னையின் பறக்கும் ரயில் இதற்கு நெருங்கிய உறவு. வீடுகளை இடித்து இடம் பெற முடியாத நகரத்தில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அந்தத் தடம் எழுப்பப்பட்டது. அதன் முதல் பகுதி 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை திறக்கப்பட்டது. வேலூர் கன்டோன்மென்டிலிருந்து சென்னைக் கடற்கரை வந்து பறக்கும் ரயிலுக்கு மாறும் பயணி, வணிகம் கைவிட்ட நீர்வழி ஒன்றின் ஓரமாகத்தான் செல்கிறார். வேறுபாடு என்னவென்றால், சென்னையில் தடம் உயரத்தில் போகிறது. கொல்கத்தாவில் தரையிலேயே, மக்கள் குளிக்கும் படித்துறைகளுக்கும் கடைகளுக்கும் நடுவே போகிறது.

ஆற்றில் தூண் இல்லாத பாலம்

ஹவுரா நிலையத்திலிருந்து முதல் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹூக்ளி நோக்கிப் புறப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு வந்தது 1856 ஜூலை 1 அன்று, அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நிலையம் வந்த பின்னும் ஹவுராவுக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே இருபது ஆண்டுகள் படகுதான் வழி. 1874இல் பிராட்ஃபோர்டு லெஸ்லி என்ற பொறியாளர் அமைத்த மிதவைப் பாலம் திறக்கப்பட்டது. வரிசையாக நிறுத்திய மிதவைகளின் மேல் பலகைத் தளம். கப்பல் வரும்போது நடுவில் சில மிதவைகளை இழுத்து ஒதுக்கி வழிவிடுவார்கள், அதுவரை சாலைப் போக்குவரத்து காத்திருக்கும். பாம்பனில் கப்பலுக்காகத் தூக்குப் பாலம் திறக்கும்போது ரயில் காத்திருந்ததைப் போன்றதுதான். ஆனால் பாம்பனில் ஒரு நாளில் கடந்தவை சில ரயில்களே. இங்கே காத்திருந்தது ஒரு பெருநகரம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது தாங்காது என்பது தெளிவாயிற்று. ஆர்.என். முகர்ஜி தலைமையிலான குழு 1921இல் அமைக்கப்பட்டது, புதிய ஹவுரா பாலச் சட்டம் 1926இல் நிறைவேறியது. ஆற்றின் நடுவே தூண் நிறுத்தினால் நீரோட்டம் தடைபட்டு வண்டல் சேரும், துறைமுகம் மூச்சுத் திணறும் என்ற அச்சம் வடிவமைப்பைத் தீர்மானித்தது. அதாவது பாலத்தின் வடிவத்தை முடிவு செய்ததில் மேலே செல்லும் மாட்டுவண்டிகளுக்கு இருந்த அளவு பங்கு, கீழே செல்லும் கப்பல்களுக்கும் இருந்தது. ரெண்டல், பாமர் அண்டு டிரிட்டன் நிறுவனம் வடிவமைத்தது. எஃகுச் சட்டகங்களைச் செய்தது பிரெய்த்வெய்ட், பர்ன் அண்டு ஜெசோப் நிறுவனம். வேலை 1936இல் தொடங்கி 1942இல் முடிந்தது.

கேன்டிலீவர் முறை

இந்தப் பாலம் கேன்டிலீவர் வகையைச் சேர்ந்தது. வீட்டுச் சுவரிலிருந்து தூணில்லாமல் நீண்டு நிற்கும் பால்கனியை நினைத்துக்கொள்ளலாம். பால்கனி விழாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உள்முனை சுவருக்குள்ளும் கூரைத் தளத்துக்குள்ளும் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதுதான். ஹவுராவில் இரு கரைகளிலும் ஒவ்வொரு கோபுரம் நிற்கிறது. ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் ஒரு கரம் ஆற்றை நோக்கி 468 அடி நீள்கிறது. அதைச் சமன்செய்ய இன்னொரு கரம் நிலத்தை நோக்கி 325 அடி நீண்டு தரையில் பிணைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பின் கரத்துக்கு நங்கூரக் கரம் என்று பெயர். ஆற்றின் மேல் நீண்ட இரு கரங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றின் நுனிகளில் 564 அடி நீளமுள்ள நடுத்துண்டு மாட்டப்பட்டிருக்கிறது. 468, 564, 468 மூன்றையும் கூட்டினால் 1,500 அடி. இதுவே கோபுரத்துக்குக் கோபுரம் உள்ள தூரம், சுமார் 457 மீட்டர். திறக்கப்பட்டபோது கனடாவின் கியூபெக் பாலம், ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலம் ஆகியவற்றுக்கு அடுத்து, உலகின் மூன்றாவது நீளமான கேன்டிலீவர் பாலம் இது.

ஃபோர்த் பாலம் கட்டப்பட்ட காலத்தில் இந்தத் தத்துவத்தைப் பொதுமக்களுக்கு விளக்க எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. இருவர் நாற்காலிகளில் அமர்ந்து கைகளை இருபுறமும் நீட்டியிருக்கிறார்கள். அவர்களின் வெளிப்புறக் கைகள் செங்கல் கட்டுகளுடன் பிணைக்கப்பட்டுள்ளன. உள்புறக் கைகளுக்கு நடுவே தொங்கும் பலகையில் மூன்றாமவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த மூன்றாமவர் கைச்சி வத்தனாபே என்ற ஜப்பானியப் பொறியாளர். ஹவுராவில் செங்கல் கட்டின் வேலையை நங்கூரக் கரம் செய்கிறது. வத்தனாபே உட்கார்ந்த இடம் 564 அடி நடுத்துண்டு.

வட்ட ரயில் ஆற்றின் மேல் செல்வதில்லை. கரையில், பாலத்தின் நிலப்பக்கப் பகுதிக்கு அடியில் செல்கிறது. ஆற்றின் மேலுள்ள பகுதியில் சாலைத் தளத்தைத் தாங்குபவை தொங்குதண்டுகள். பெரிய சட்டகத்தின் கீழ் விளிம்பிலிருந்து 39 இணைத் தொங்குதண்டுகள் இறங்கி 71 அடி அகலச் சாலையையும் அதன் இருபுறமும் உள்ள 15 அடி நடைபாதைகளையும் பிடித்திருக்கின்றன. எஃகுத் துண்டுகளை இணைத்திருப்பவை திருகாணிகள் அல்ல. பழுக்கக் காய்ச்சி அடித்து இறுக்கிய ரிவெட் ஆணிகள்.

பாலத்துக்கு ஏறக்குறைய 26,500 டன் எஃகு தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய எஃகு இரண்டாம் உலகப் போரால் தடைபட்டது. 23,000 டன் உயர் வலிமை எஃகை ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் உருவாக்கித் தந்தது. அடித்தள வேலையில் ஒரு விபத்தும் நடந்தது. கோபுரங்களுக்காக மண்ணைத் தோண்டித் தோண்டி, கெய்சன் எனப்படும் பெரும் கிணறு போன்ற அமைப்பைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் இரவில் அடிமண் திடீரென நெகிழ்ந்து அந்த மொத்தப் பாரமும் இரண்டு அடி சட்டென இறங்கியது. கிதிர்பூரில் இருந்த கருவி அதை நிலநடுக்கமாகப் பதிவு செய்தது. கரையிலிருந்த ஒரு கோயில் இடிந்தது, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

1943 பிப்ரவரி 3 அன்று பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் கொல்கத்தா மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்ததால் திறப்பு விழா எதுவும் நடத்தவில்லை. முதலில் கடந்தது ஒற்றை டிராம். இந்தியாவின் மிகப் பரபரப்பான ரயில் நிலையங்களில் ஒன்றின் வாசலில் நின்றாலும் இந்தப் பாலத்தில் ரயில் ஓடியதில்லை. டிராம் மட்டுமே ஓடியது, அதுவும் 1993இல் நிறுத்தப்பட்டது. 1965இல் இதற்கு ரவீந்திர சேது என்று பெயர் சூட்டப்பட்டது. மக்கள் வாயில் இன்றும் ஹவுரா பாலம்தான். தாகூரின் உடல் 1941இல் எரியூட்டப்பட்ட நீம்தலா சுடுகாட்டுப் படித்துறையும் இதே வட்ட ரயிலின் வழியில், பாலத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது.

பாலத்தின் அடியில்

பாலத்தின் கிழக்கு முனையில், தண்டவாளத்தை ஒட்டி மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. விடியுமுன் கூடைகூடையாகச் சாமந்தியும் செம்பருத்தியும் தாமரையும் வந்து இறங்கும். கோயம்பேடு பூ அங்காடியைப் பார்த்தவர்களுக்குச் சந்தையின் சத்தமும் சேறும் புதிதாக இருக்காது. மேலே எஃகுக் கூரைபோல் பாலம் நிற்பதும், நடுவே ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு மெல்லச் செல்வதும்தான் புதிது.

பாலத்துக்கு வந்த ஆபத்து ஒன்று இந்த அடிப்பகுதியில்தான் கண்டறியப்பட்டது. நடைபாதையில் செல்வோர் வெற்றிலை, குட்கா மென்று தொங்குதண்டுகளின் அடியில் துப்புவது வழக்கமாகிப்போனது. வெற்றிலையுடன் சேரும் சுண்ணாம்பும் பிற பொருள்களும் எச்சிலோடு சேர்ந்து எஃகை அரிக்கும். தண்டுகளின் அடியைப் பாதுகாக்கும் எஃகுக் கவசங்கள் 6 மில்லிமீட்டர் கனத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்துவிட்டன என்று 2011இல் நடந்த ஆய்வு காட்டியது. துறைமுக நிர்வாகம் அவற்றைக் கழுவக்கூடிய கண்ணாடியிழை உறைகளால் மூடியது. போர்க்காலக் குண்டுவீச்சுக்குத் தப்பிய பாலம் இது. கவசம் எல்லாத் தண்டுகளுக்கும் ஒன்றுபோலத் தேய்வதில்லை என்பதும், தண்டுகள்தான் சாலையைத் தாங்குகின்றன என்பதும் சேர்ந்தே இந்தச் சிக்கலைச் சாதாரணத் தூய்மைப் பிரச்சினையிலிருந்து வேறுபடுத்துகின்றன. ஆற்றுப் பக்கமிருந்தும் அடி விழுந்ததுண்டு. 2005 ஜூனில், ஓதம் ஏறியிருந்த நேரத்தில் கடக்க முயன்ற சரக்குக் கப்பல் ஒன்றின் புகைப்போக்கி பாலத்தின் அடியில் சிக்கி, மூன்று மணி நேரம் அப்படியே நின்றது. பாலத்துக்கும் சேதம் ஏற்பட்டது.

பாலத்துக்குத் தெற்கே

தெற்கு நோக்கிச் செல்லும் ரயில் அடுத்து அலுவலகப் பகுதியான பி.பா.தி. பாக் வருகிறது. பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று விடுதலைப் போராளிகளின் பெயர்ச் சுருக்கம் அது. பிறகு ஈடன் கார்டன்ஸ், அதன் பின் பிரின்செப் காட். கிரேக்கத் தூண்களுடன் நிற்கும் அந்தப் படித்துறை மண்டபம் ஜேம்ஸ் பிரின்செப் நினைவாக 1840களில் எழுந்தது. அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837இல் படித்துக் காட்டியவர் அவர். சோழர், பாண்டியர் பெயர்கள் அசோகர் கல்வெட்டில் இருப்பது தெரியவந்ததும், பிற்காலத்தில் தமிழ்ப் பிராமியைப் படிக்க வழி பிறந்ததும் அந்த வாசிப்பிலிருந்துதான். தமிழ் மாணவர்கள் இந்த நிலையத்தில் ஒரு முறை இறங்கிப் பார்க்கலாம்.

பிரின்செப் காட்டுக்கு மேலே நிற்பது 1992 அக்டோபரில் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேது. வட்ட ரயில் அதன் அடியிலும் செல்கிறது. இது கம்பிவடங்களால் தாங்கப்படும் பாலம், 121 வடங்கள் கொண்டது. நடுத்தாவலின் நீளம் 457 மீட்டர், ஹவுரா பாலத்துடையதும் அதுவே. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இடைவெளியில், ஒரே ஆற்றை ஒரே நீளத்தில் தாண்டிய இரு வழிகளை ஒரே ரயில் பயணத்தில் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிறது. பழையதில் சுமை கனமான சட்டகங்கள் வழியாகப் போகிறது. புதியதில் மெல்லிய வடங்கள் இழுத்துப் பிடிக்கின்றன.

சேவையின் இன்றைய நிலை

ஆற்றங்கரைப் பகுதியில் ஒற்றைத் தடம்தான். எதிரெதிர் ரயில்கள் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். இதனால் மெட்ரோவைப்போல் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் விட முடிவதில்லை. இன்னொரு தடம் போட ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் ஸ்ட்ராண்ட் சாலையும் இடம் தருவதில்லை. துர்கா பூஜை முடிந்து சிலைகளை ஆற்றில் கரைக்கும் நாள்களில் ஊர்வலங்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் படித்துறைக்குப் போக வேண்டும். அந்த நாள்களில் ரயில்கள் குறைக்கப்படும் அல்லது பாதி வழியில் நிறுத்தப்படும். சிலைகள் செய்யும் குமார்துலியும் இதே தடத்தின் ஓரத்தில், சோபாபஜார் அருகில் இருக்கிறது.

2024 மார்ச்சில் ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடு வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஹூக்ளியின் அடியில் சுரங்கம் வழியாக ஆற்றைத் தாண்டும் இந்தியாவின் முதல் ரயில் அது. ஹவுராவில் இறங்கும் வேலூர்ப் பயணி இப்போது பாலத்தை மிதிக்காமலேயே நகருக்குள் போய்விடலாம். வட்ட ரயிலில் இன்னும் செல்வோர் பெரும்பாலும் புர்ரா பஜார் மொத்த வணிகத்துக்கு மூட்டையுடன் வருபவர்கள், அலுவலக ஊழியர்கள், கங்கையில் குளிக்க வரும் முதியோர், மாலையில் பிரின்செப் காட்டுக்குப் போகும் இளைஞர்கள். புறநகர் ரயில்களுக்கான குறைந்த கட்டணமே இதற்கும். பாலத்தைப் பார்ப்பதற்காக மட்டும் ஏறுபவர், வடக்கிலிருந்து வரும்போது ஆற்றுப் பக்கமான வலப்புற ஜன்னலில் இடம் பிடிக்க வேண்டும்.